மாப்பிள்ளைக்கு நான் எழுதிய சோகக்கதை

எங்கள் இசைக்குழுவில் பாடவும் தெரியாமல், வாசிக்கவும் தெரியாமல் மேடையேறுகிற ஒரே ஆள் நான்தான். ஆனாலும் மேடையில் அதிகம் கேட்கிற குரல் என்னுடையது. நான் அறிவிப்பாளன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விழுகிற ஓட்டையைப் பேச்சால் அடைப்பது என் வேலை. டிரம்ஸ்காரர் குச்சியைத் தேடுகிறாரா, பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டதா, கல்யாணப் பெண்ணின் மாமா தள்ளாடிக்கொண்டு மேடையேறிவிட்டாரா, எதுவானாலும் நான் பேசிச் சமாளித்துவிடுவேன். குழுவில் எனக்குப் பெயரே மைக் என்றாகிவிட்டது. இருபது பேர் சிரித்தால் போதும், என் நாக்குக்கு இறக்கை முளைத்துவிடும். அந்த நாக்கு செய்த வேலையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். சொல்லும்போதே உடம்பு கூசுகிறது.

கதை என்னுடையது அல்ல, மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளை எங்கள் கீபோர்டுக்காரன். பாடவும் செய்வான். பிறந்ததிலிருந்து அவனுக்குக் கண் தெரியாது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆனாலும் அவன் மாப்பிள்ளைதான். காரணம் அவன் சட்டை. அவன் அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான விரிப்புகளுக்குப் பெட்டி போட்டுவிட்டு வந்து, வீட்டில் மகனுடைய சட்டைக்கும் பெட்டி போடுவார். அந்தக் காலரில் கை பட்டால் கீறிவிடும். எந்த வரவேற்புக்குப் போனாலும் நிஜ மாப்பிள்ளையைவிட இவன்தான் எடுப்பாக இருப்பான். ஒருமுறை டிரம்ஸ்காரர், "மாப்பிள்ளை எங்கடா ஓடிப்போனான்?" என்று மண்டபம் அதிரக் கத்த, பெண் வீட்டார் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

பகலில் அவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். இருநூற்றுச் சொச்சம் உள் எண்களும் அவனுக்கு மனப்பாடம். யார் எந்த நாற்காலிக்கு மாறினார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த அதிகாரி வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் 'சீட்டில் இல்லை' என்று சொல்ல வேண்டும், அத்தனையும் விரல் நுனியில். மாலையில் மேடை. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, படிக்கட்டிலிருந்து கீபோர்டு வரை ஒருமுறை நடந்து எண்ணிக்கொள்வான். பிறகு தன் எண்ணிக்கையில் தானே நடப்பான். யாராவது கையைப் பிடித்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் விழுந்தா எழுந்துக்குவேன். நீங்க பிடிச்சா எனக்கு எண்ணிக்கை போயிடும்" என்பான்.

அவனுக்கு ஆகாத இன்னொன்று பரிதாபம். நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டு, காதும் கேட்காது என்று நினைத்தார்களோ என்னவோ, உரத்த குரலில், "கண்ணு இல்லாமலே எவ்வளவு அழகா வாசிக்கிறீங்க!" என்பார்கள். அவன் பவ்யமாக, "கண்ணால வாசிக்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நானும் போய்க் கேக்கணும்" என்பான். வந்தவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார். எனக்கு அந்த முழியைப் பார்ப்பதே ஒரு விருந்து.

தாளில் உள்ளதை அவனுக்குப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. அப்போது தாளைக் காட்டினால் படித்துச் சொல்லும் செல்பேசியெல்லாம் எங்கள் கைக்கு வரவில்லை. புதுப் பாட்டின் வரிகள், வங்கிக் கடிதம், அலுவலகச் சுற்றறிக்கை, மருந்துச் சீட்டு, எல்லாம் நான்தான். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டான். "மேடையில நீ எப்படி வேணா அளந்துவிடு. எனக்குப் படிக்கிறப்போ மட்டும் அறிவிப்பாளரா இருக்காதே. உள்ளதை உள்ளபடி படி." பதினோரு வருஷம் அப்படியே படித்தேன். அவன் அம்மாவுக்கு என்மேல் பிரியம் வந்ததும் அதனால்தான். "இவன் ஒருத்தன்தான் அவனுக்கு எதையும் ஒளிக்காம படிக்கிறான்" என்று சலவைக்கூடத்தில் கூடச் சொல்லி வைத்திருந்தார்.

மாப்பிள்ளை சொந்தமாகவும் மெட்டு போடுவான். அதில் ஒன்று எங்களுக்கெல்லாம் உயிர். அவனுடைய அலுவலகத்துக்கு வேறொரு கம்பெனியிலிருந்து தினமும் ஒரு பெண் அழைப்பாள், கணக்குப் பிரிவைக் கேட்பாள். அந்தக் குரலில் இவன் விழுந்துவிட்டான். ஒருநாள் இவனே ஏதோ சாக்குச் சொல்லி அங்கே அழைத்திருக்கிறான். அவள், "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்று வைத்துவிட்டுப் போனவள் போனவள்தான். நாற்பது நிமிஷம் இவன் காதில் ரிசீவரோடு உட்கார்ந்திருந்தான். அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு பாட்டு பிறந்தது.

"ஒரு நிமிஷம்னு சொல்லிப் போனவளே, ஊரே தூங்கி எழுந்தாச்சு, வருவியா, மறந்தே போனியா, வச்சுடாம நான் இருக்கேன்."

துள்ளல் தாளம். கேட்கிறவன் காலை ஆட்டாமல் இருக்க முடியாது. நடுவில் டெலிபோன் மணியைக் கீபோர்டில் கொண்டுவருவான், கூட்டம் விசில் அடிக்கும். பின்னால் விசாரித்ததில் அந்தப் பெண்மணி அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர் என்று தெரிந்தது. அதைச் சொல்லியே மாப்பிள்ளை ஒரு வாரம் சிரித்தான். அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்தப் பாட்டை, இன்னார் பாடுகிறார் என்ற பேச்சே இல்லாமல், பாட்டாக மட்டும் நிறையப் பேர் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, நல்லா இருக்கு, நல்லா இல்லை, ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். "நல்லா இல்லைன்னு சொன்னாக்கூட சந்தோஷம்டா. இதுவரைக்கும் என் பாட்டை யாரும் திட்டினதே இல்ல" என்பான்.

தொலைக்காட்சியில் புதுப் பாடகர்களுக்கான போட்டி ஒன்று அறிவித்தார்கள். படிவத்தை வாங்கி வந்தவன் நான்தான். இசைப் பயிற்சி என்ன என்று எழுத ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள். 'நீங்கள் கடந்து வந்த சோதனைகள்' என்பதற்கு அரைப் பக்கம்.

"எழுது" என்றான் மாப்பிள்ளை. "மைக்குன்னு ஒரு நண்பன். பதினோரு வருஷமா அவன் பேச்சை மேடையில உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். இதைவிடப் பெரிய சோதனை கிடையாது."

சிரித்து முடித்தபின், பெரிய சோதனை எதுவும் இல்லை, படிப்பு, வேலை, பாட்டு மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று எழுதச் சொன்னான். அப்படியே எழுதி, உடல்நிலைக் கட்டத்தில் கண் தெரியாது என்று குறித்து, பாட்டைப் பதிவு செய்து சேர்த்து அனுப்பினேன். அதுவரை நான் யோக்கியன்தான்.

பத்து நாள் கழித்து நிகழ்ச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். படிவத்தில் என் எண்தான் இருந்தது.

"வாய்ஸ் சூப்பர் சார். பாட்டும் ஜாலியா இருக்கு. ஆனா கதை இல்லையே சார்."

"என்ன கதைம்மா?"

"கண்ணு தெரியாதவர் வந்து ஜாலியா ஒரு பாட்டு பாடிட்டுப் போனா, அதை எப்படி எடுத்துக்கிறதுன்னு ஆடியன்ஸுக்குத் தெரியாது சார். ஏதாவது ஒரு வலி இருக்கணும். யோசிச்சுப் பாருங்க. சின்ன வயசுல, வீட்டுல, ஏதாவது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்க வேண்டும். அம்மா தாயே, அவன் பாடுகிறான், உனக்குக் காது இருந்தால் கேள் என்று போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஓட்டையைக் கண்டதும் அடைத்துப் பழகிய வாய். "இருக்கு, ஆனா அவன் சொல்ல மாட்டான்" என்று ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பிக்கும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

பிறந்த குழந்தைக்குக் கண் இல்லை என்று டாக்டர் சொன்னதும், பெற்றவள் அதை ஆஸ்பத்திரி விரிப்பில் சுற்றிப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்றேன். எதிர்முனையில், "ஐயோ" என்று கேட்டது. அந்த ஐயோதான் என்னைக் கெடுத்தது. அவன் இப்போது யாரோடு இருக்கிறான் என்று அவள் கேட்டதும், ஆறு வயதில் மனசு கேட்காமல் தாய் திரும்பி வந்து அழைத்துப்போனாள் என்று அதையும் ஒட்டவைத்தேன். கண், காது, மூக்கு எல்லாம் வைத்தேன். மழைகூடப் பெய்ய வைத்தேன்.

"சார், நீங்க சொல்றப்பவே எனக்கு அழுகை வருது. உங்க குரலே டிவிக்குன்னு செஞ்ச குரல் சார். நீங்களே கேமராவுல சொல்லிடுங்களேன்" என்றாள்.

இனி மறைத்து என்ன. மாப்பிள்ளையின் நல்லதுக்காகச் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். பொய். டிவிக்குன்னு செஞ்ச குரல் என்று அவள் சொன்ன வார்த்தைக்காகச் செய்தேன். என் முகம் ஒருமுறை அந்தப் பெட்டிக்குள் வர வேண்டும் என்பதற்காக, எனக்குச் சோறு போட்ட அம்மாவைப் பிள்ளையைப் படிக்கட்டில் போட்டவளாக்கினேன்.

படம் பிடிக்க வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து நான்தான் வரச் சொல்லியிருந்தேன். சின்ன வீடு. ஒரு அறை, ஒரு சமையலிடம், ஜன்னலோரம் கீபோர்டு, கொடியில் அம்மாவின் நீலச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தால் அம்மாவையும் படம் பிடிக்கக் கேட்பார்கள் என்று, எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்தேன். கொக்கியிலிருந்த அவர் பழைய கைப்பையையும்.

"என்னடா எடுக்கிற?" என்றான் மாப்பிள்ளை. அவன் காதுக்கு எதுவும் தப்பாது.

"துணிடா. படத்துல வருது."

"அம்மா துணியா? இருந்துட்டுப் போகட்டுமே. அவங்களுக்கும் ஆசையா இருக்கும்."

அவன் வாசிப்பதையும் தெருவில் நடப்பதையும் எடுத்தார்கள். பிறகு அவனை உள்ளே விட்டுவிட்டு, தெருக்கோடியில் ஒரு சுவரோரம் என்னை நிறுத்திக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மூன்றாவது தடவை நிஜமாகவே கண்ணீர் வந்தது. கேமராக்காரர் தட்டிக்கொடுத்தார்.

ஒளிப்பதிவு நாளில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். வாழ்நாளில் அவன் அதைப் போட்டதில்லை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மேடையை எண்ண அவகாசம் கேட்டான். நேரமில்லை, நண்பர் கையைப் பிடித்து அழைத்து வரட்டும், பார்ப்பதற்கும் அதுதான் நன்றாக இருக்கும் என்றார்கள். நான் பிடித்தேன்.

"கையை எடு" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் எடுக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவனை மெதுவாக, அவனுக்குப் பழக்கமே இல்லாத ஒரு நோயாளி நடையில், நடுமேடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். பார்வையாளர்கள் அப்போதே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓரமாக வந்து நின்றேன். பெரிய திரையில் என் முகம் வந்தது. அரங்கம் முழுக்க என் குரல்.

மாப்பிள்ளையின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் வரியில் அவனுக்கு என் குரல் அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தான். கேலி செய்யப்போகிறேன் என்று நினைத்தான் போலும். பிறகு ஆஸ்பத்திரி வந்தது, விரிப்பு வந்தது, படிக்கட்டு வந்தது. சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றுவிட்டது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவன் மறந்துவிட்டான். படம் முடிந்தபோது நடுவர்களில் ஒரு அம்மையார் விம்மிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தழுதழுத்த குரலில் கேட்டார்.

"உங்க அம்மா இப்போ பாத்துக்கிட்டிருந்தா, அவங்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?"

அவன் மைக்கைத் தேடிப் பிடித்தான். "சார், இதை யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. என் அம்மா என்னை எங்கயும் விட்டுட்டுப் போனதில்ல. ஒரு நாள்கூட இல்ல. இதை நீங்க போட்டீங்கன்னா, நான் இப்ப சொல்றதையும் சேர்த்துப் போடணும். இப்போ பாட்டுக்கு வரலாமா? பாட்டு நல்லா இல்லைன்னா தயங்காம சொல்லுங்க."

என் நண்பன்தான் சொன்னான் என்று அவன் சொல்லவில்லை. குரல் என்னுடையது என்று அரங்கத்துக்கே தெரியும்போதும், யாரோ என்றுதான் சொன்னான். பிறகு பாடினான். எத்தனையோ மேடைகளில் அவன் பாடிக் கேட்டிருக்கிறேன், அன்று பாடியது போல் பாடியதில்லை. டெலிபோன் மணி வந்ததும் உச்சுக்கொட்டியவர்களே கைதட்டித் தாளம் போட்டார்கள். நடுவர், சரணம் கொஞ்சம் நீளம் என்று குறை சொன்னார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

வெளியே வந்ததும் என்மேல் பாய்வான் என்று எதிர்பார்த்தேன். நடைபாதையில் என் பக்கம் திரும்பினான்.

"ஏன்டா?" என்றான்.

"கதை வேணும்னு கேட்டாங்க."

"என்னைப் பத்தி என்ன வேணா சொல்லியிருக்கலாம். அம்மாவைப் போயா?" என்றான். பிறகு, "சரி. நானே இல்லைன்னு சொல்லிட்டேன். முடிஞ்சுபோச்சு. அம்மா காதுக்கு இது போகக் கூடாது" என்றான்.

அந்த மன்னிப்பு கிடைத்துப் பத்து நிமிஷம் இருக்கும். நிகழ்ச்சி அதிகாரி ஒரு தாளோடு வந்தார். மாப்பிள்ளை கை நீட்டி வாங்கி, என்னிடம் கொடுத்து, "படி" என்றான். அவ்வளவு நடந்த பிறகும், நான் படிக்கும்போது வரி விடுவேன் என்பது அவன் கற்பனைக்கே எட்டவில்லை.

தாளின் நடுவில் இரண்டு வரிகள் இருந்தன. நிகழ்ச்சியில் சொல்லப்படும் வாழ்க்கை விவரங்கள் உண்மை என ஒப்புக்கொள்கிறேன் என்பது ஒன்று. எதைச் சேர்க்கவும் எதை நீக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. அதிகாரி என்னை நாலடி தள்ளிக் கூட்டிப்போய், காதருகே, "கையெழுத்து இல்லைன்னா எதுவும் டிவியில வராது சார், நீங்க பேசினதும் சேர்த்துத்தான்" என்றார். நான் மேல் வரியைப் படித்தேன், கீழ் வரியைப் படித்தேன். நடுவில் இருந்த இரண்டையும் விட்டேன். அவன் விரலைப் பிடித்து இடம் காட்டினேன். அழகாகக் கையெழுத்துப் போட்டான்.

ஒளிபரப்பு ஒரு ஞாயிறு மாலை. அம்மா சலவைக்கூடத்துப் பெண்கள் பதினோரு பேரைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். எனக்கு முன்வரிசை. வயிற்றைக் கலக்குகிறது என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் மாப்பிள்ளை அம்மாவிடம், "நடுவுல ஏதோ தப்பா ஒரு கதை வரும்மா, வந்தாலும் கண்டுக்காதீங்க, நானே மறுத்துப் பேசிடுவேன்" என்று சொல்லிவைத்தான். ஒருவேளை கதையையே எடுத்துவிட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

எடுக்கவில்லை. திரையில் சுவரோரம் நின்று நான் அழுதேன். முழுசாகப் போட்டார்கள், மழை உட்பட. பதினோரு பெண்களும் முதலில் திரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், கடைசியில் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தட்டில் டீ கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"இருங்க இருங்க, இப்ப நான் பேசுவேன் பாருங்க" என்றான் மாப்பிள்ளை.

பேசவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வீர்கள் என்று நடுவர் கேட்டார், அடுத்த நொடி பாட்டு வந்தது. தாளத்தை எடுத்துவிட்டு ஏதோ வயலின் சேர்த்திருந்தார்கள். ஒரு நிமிஷம்னு சொல்லிப் போனவளே, வருவியா, மறந்தே போனியா. நடுவர் அம்மையாரின் கண்ணீரைக் கிட்டத்தில் காட்டினார்கள். நாற்பது நொடி. அத்தோடு விளம்பரம்.

"டேய், நான் சொன்னது எங்கடா?" என்றான் மாப்பிள்ளை. "மைக்கு, நான் சொன்னதைப் போடணும்னு சொன்னேனே. தாள்ல என்ன இருந்துச்சு?"

அம்மா ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தார். வாங்கியவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். பாதி குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். எல்லோரும் போனபின் நான் விட்ட இரண்டு வரிகளையும் சொன்னேன். மாப்பிள்ளை கதவு இருக்கும் பக்கம் கையைக் காட்டினான்.

அவன் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருந்தான். அந்தக் கடிதத்தை அவன் அலுவலக வாசல் காவலாளியைப் படிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டேன். வர மாட்டேன் என்று பதில் எழுதியதும் அந்தக் காவலாளிதான். இப்போது அவனுக்குச் செல்பேசி படித்துச் சொல்கிறது. அது எந்த வரியையும் விடுவதில்லை.

ஒளிபரப்பாகி ஒரு மாதம் போயிருக்கும். குழுவில் எங்களுக்குள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் அவனே கூப்பிட்டான். சட்டைக் காலர் மடிந்து கிடந்தது. நான் பார்க்க அப்படிக் கிடந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மாகிட்ட சலவைக்கூடத்துல யாரும் சண்டை போடல. திட்டல. ரொம்ப நல்லபடியா நடந்துக்கிறாங்களாம். அதான் தாங்கலையாம். முன்னாடி கிண்டல் பண்ணுவாங்க, சிரிப்பாங்க. இப்போ அம்மா வந்தா பேச்சை நிறுத்திடறாங்க. நானே போய்ச் சொன்னேன். பெத்தவ மேல இருக்கிற பாசத்துல பேசுறான்னு என் தலையைத் தடவி அனுப்பிட்டாங்க. நீ பேசுறவன்தானே. நீ போய்ப் பேசு."

மறுநாள் மதியம் மாப்பிள்ளையை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். ஆள் உயர இயந்திரங்கள், ஈர வெப்பம், தள்ளுவண்டிகளில் மலையாகத் துணி. நீண்ட மேசையைச் சுற்றி நீலச் சீருடையில் நாற்பது பெண்கள். விரிப்பை இரண்டிரண்டு பேராக முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார், மடிப்பதை நிறுத்தவில்லை. என்னை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. டிவியில் வந்தவனாயிற்றே.

வாழ்நாளில் முதல்முறையாக, ஜோடனை எதுவும் இல்லாமல் பேச முயன்றேன். நான் சொன்னது பொய், முழுப் பொய், என் முகம் டிவியில் வர வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய் என்றேன். மாப்பிள்ளை சொல்லி எனக்குத் தெரிந்திருந்த உண்மையையும் சொன்னேன். அவன் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். இதே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அறுபத்தொரு நாள் வைத்திருந்தார்கள். அந்த அறுபத்தொரு நாளும் இந்த அம்மா வீட்டுக்கே போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நடையில் நின்றே கிடந்தார். அப்போதிருந்த சலவைக்கூடத்துப் பெரியம்மா ஒருவர் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், சும்மா நிற்காதே என்று இங்கே வேலை போட்டுக் கொடுத்தார். அன்று சேர்ந்தவர்தான். சொல்லி முடிப்பதற்குள் நடிக்காமலே அழுதுவிட்டேன். எப்போதும் அழுகிற மாதிரிதான் அதுவும் இருந்திருக்கும்.

அம்மாவின் எதிர்முனையைப் பிடித்திருந்த பெண் விரிப்பை மேசையில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"அதான் இத்தனை வருஷமா இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகலையாக்கா நீ? விட்ட இடத்துலயே கிடந்து பரிகாரம் தேடியிருக்கியே."

"ஐயோ, அது இல்லைங்க" என்றேன். "நான் சொல்றது..."

"நீங்க நல்ல மனசுக்காரர் தம்பி. அவளைக் காப்பாத்தணும்னு பழியை உங்க மேல போட்டுக்கிறீங்க. நீங்க வரவே வேண்டாம். நாங்க யாரும் அவளைத் தப்பா நினைக்கல. சின்ன வயசு, முதல் குழந்தை, கண்ணு இல்லைன்னா யாருக்கும் பதறும். நாங்க எல்லாம் எப்பவோ மன்னிச்சுட்டோம்." அம்மாவின் தோளில் கை வைத்தாள். "ஒத்துக்கிட்டு அழுதுடு அக்கா. மனசு லேசாகும்."

அம்மா கையிலிருந்த முனையை விடவில்லை. நாற்பது பேரும் காத்திருந்தார்கள். நான் இன்னொரு தடவை வாயைத் திறந்தேன், அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஆமாம்மா. சின்ன வயசு, பயந்துட்டேன்" என்றார் அம்மா. "வாங்க, மடிக்கலாம். வேலை கிடக்கு."

ஒருத்தி அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு நிஜமாகவே பேச்சு கிளம்பியது, யாரோ எதற்கோ சிரித்தார்கள். அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவு வரைக்கும் என்னோடு வந்தார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு எனக்கு இங்க. பேசாத ஆளுங்களோட எப்படிப்பா மடிக்கிறது?" என்றார். கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "அவன் வாசல்ல நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க, பொய்தான்னு ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லு. இல்லைன்னா அவன் விட மாட்டான். தினமும் யாரையாவது அனுப்புவான்." வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "அவன் நம்புற மாதிரி சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே."

வாசலில் மாப்பிள்ளை காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"என்னடா சொன்னாங்க?"

சொன்னேன். ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள் என்று சொன்னேன். என்னைத் துணி வண்டியில் போட்டுத் துவைக்கப்போவதாக இன்னொருத்தி மிரட்டினாள் என்று சொன்னேன். அவன் ஒரு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். என் தோளைத் தேடிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினான். ஒரு சொல்லைக்கூட அவன் சந்தேகப்படவில்லை. நான் இன்றுவரை அதைத் திருத்தவில்லை.